முந்நூறு சொல்லில் ஒரு ஓலைத்தூக்கு: குவெரி கடிதம் ஏன் அப்படி எழுதப்படுகிறது

தமிழில் நாவல் எழுதியவருக்கு ஏஜென்ட் என்று ஒருவர் தேவைப்படுவதில்லை. பிரதியை எடுத்துக்கொண்டு பதிப்பாளரிடமே போகலாம், புத்தகக் கண்காட்சியில் ஸ்டால் வாசலில் நின்று பேசலாம், தெரிந்த எழுத்தாளர் ஒருவர் போனில் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம். அதே ஆள் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி அதை நியூயார்க்கிலோ லண்டனிலோ வெளியிட ஆசைப்பட்டால் முதல் நாளே கதவு சாத்தியிருக்கும். பெங்குவின் ரேண்டம் ஹவுஸ், ஹார்ப்பர்காலின்ஸ், சைமன் அண்ட் ஷூஸ்டர், ஹாஷெட், மேக்மில்லன் ஆகிய ஐந்து பெரிய நிறுவனங்களும் பொதுவாக எழுத்தாளரிடமிருந்து நேரடியாகப் பிரதி வாங்குவதில்லை. ஏஜென்ட் மூலமாக வாருங்கள் என்பார்கள். சரி, ஏஜென்டை எப்படிப் பிடிப்பது? ஒரு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி. அந்தக் கடிதத்துக்குப் பெயர்தான் குவெரி.

ஆங்கிலத்தில் எழுதும் நண்பர் ஒருவர் தன் முதல் குவெரியை என்னிடம் காட்டினார். இரண்டரைப் பக்கம். நான்கு வருட உழைப்பு, அப்பாவின் மறைவு, எழுத்து தனக்கு ஒரு தவம் என்பது, தன் எளிய முயற்சியை ஏஜென்ட் பரிவோடு பார்க்க வேண்டும் என்ற வேண்டுகோள், எல்லாம் இருந்தது. கதை என்ன என்பது மட்டும் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் ஒரு வரியாக வந்தது: மனித உறவுகளின் சிக்கலைப் பேசும் நாவலாம். எந்த நாவல்தான் பேசவில்லை? அவர் நன்றாக எழுதக்கூடியவர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் எழுதியது வேறு வகைக் கடிதம், ஏறக்குறைய ஒரு விண்ணப்பம். இந்தக் குழப்பம் நம் ஆட்களுக்கு அதிகமாக வருகிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த ஏஜென்ட் என்பவர் யார், எதற்காக அந்தக் கடிதத்தைப் படிக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கடிதத்தின் அமைப்பு முழுவதும் அவருடைய பிழைப்பிலிருந்து வருகிறது. 1875 வாக்கில் லண்டனில் ஏ.பி. வாட் என்பவர் இதை ஒரு தொழிலாக ஆரம்பித்தார் என்று சொல்வார்கள். எழுத்தாளருக்காகப் பதிப்பாளரிடம் பேரம் பேசுவார், வருகிற பணத்தில் பத்து சதவீதம் எடுத்துக்கொள்வார். பதிப்பாளர்களுக்கு அப்போது இது பிடிக்கவில்லை, நடுவில் எதற்கு ஒரு தரகர் என்று முணுமுணுத்தார்கள். ஆனால் ஏற்பாடு நிலைத்துவிட்டது. பிற்பாடு பத்து பதினைந்தாக உயர்ந்தது. இன்றைக்கு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உள்நாட்டு விற்பனைக்கு 15 சதவீதம், வெளிநாட்டு உரிமை, மொழிபெயர்ப்பு உரிமை என்றால் அங்கேயுள்ள துணை ஏஜென்டுக்கும் பங்கு போக வேண்டும் என்பதால் 20 சதவீதம் என்பது பொதுவான கணக்கு.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் கையில் போட்டுப் பார்க்கலாம். ஒரு முதல் நாவலுக்கு 30,000 டாலர் அட்வான்ஸ் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அது மொத்தமாக வராது. ஒப்பந்தம் போடும்போது, திருத்திய பிரதியைக் கொடுக்கும்போது, கெட்டி அட்டைப் பதிப்பு வெளிவரும்போது, பேப்பர்பேக் வரும்போது என்று நான்கு தவணையாகப் பிரிப்பது சகஜம். ஒரு தவணை 7,500. பதிப்பாளர் அதை ஏஜென்ட் அலுவலகத்துக்கு அனுப்புவார், அவர்கள் 1,125 டாலரைப் பிடித்துக்கொண்டு மீதி 6,375 டாலரை எழுத்தாளருக்கு அனுப்புவார்கள். நான்கும் சேர்த்து ஏஜென்ட் பார்ப்பது 4,500 டாலர், அதுவும் இரண்டு மூன்று வருடத்தில். (பப்ளிஷர்ஸ் மார்க்கெட்ப்ளேஸ் என்ற தொழில் தளத்தில் விற்பனைச் செய்தி போடும்போது 49,000 டாலர் வரையுள்ள ஒப்பந்தத்துக்கு ‘நைஸ் டீல்’ என்று பெயர். ஒரு டாலருக்கு விற்றாலும் நைஸ்தான். என்ன ஒரு நாகரிகம்!)

இதில் கவனிக்க வேண்டியது, புத்தகம் விற்கிற வரைக்கும் ஏஜென்டுக்கு ஒரு பைசா கிடையாது என்பது. அவருக்கு ஏற்கெனவே கையிலிருக்கும் எழுத்தாளர்கள்தான் சோறு போடுகிறார்கள். அவர்களுடைய ஒப்பந்தம், ராயல்டி அறிக்கை, அட்டைப்படச் சண்டை இதெல்லாம் முடிந்து இரவிலோ ரயிலிலோ மிச்சமிருக்கும் நேரத்தில்தான் குவெரிகளைப் படிக்கிறார், பல சமயம் அவருடைய உதவியாளர்தான் முதலில் படிக்கிறார். ஸ்லஷ் பைல் என்று அந்தக் குவியலுக்குப் பெயர், சேற்றுக் குவியல் என்று சொல்வதுபோல. அந்தக் குவியலில் கிடக்கும் ஒரு கடிதத்தைப் படிப்பவரின் மனதில் ஓடுவது ‘இது இலக்கியமா’ என்ற கேள்வியே இல்லை. ‘இதை நான் யாரிடம் விற்பேன், எப்படிச் சொல்லி விற்பேன்’ என்பதுதான் ஓடுகிறது. கேட்க முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் அவரை நாம் வைத்துக்கொள்வதே விற்பதற்குத்தானே.

இங்கேதான் குவெரியின் சூட்சுமம் இருக்கிறது. அந்தக் கடிதத்தை ஏஜென்ட் ஒருவர் மட்டும் படிக்கப்போவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அதிலுள்ள கதைப் பத்தி கைமாறிக்கொண்டே போகிற சரக்கு. ஏஜென்டுக்குப் பிடித்து, முழுப் பிரதியும் பிடித்து, அவர் நம்மை எடுத்துக்கொண்டால் அடுத்து பதிப்பகங்களின் எடிட்டர்களுக்கு அவர் ஒரு கடிதம் எழுதுவார். அதில் கதையைச் சொல்லும் பத்தி பெரும்பாலும் நம் குவெரியில் இருந்த பத்தியின் மெருகேற்றிய வடிவமாகத்தான் இருக்கும். எடிட்டருக்குப் பிடித்தால் அவர் தனியாக முடிவெடுக்க முடியாது, விற்பனைக்காரர்களும் விளம்பரக்காரர்களும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் பேசி வாங்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் நாவலை முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள், எடிட்டர் இரண்டு நிமிடத்தில் சொல்வதைத்தான் கேட்பார்கள். அப்புறம் அது கேட்லாகில் ஏறும், பின்னட்டையில் ஏறும், கடைசியில் ஏதோ ஊரில் ஒரு புத்தகக் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் “இது என்ன கதைன்னா” என்று ஆரம்பிக்கும்போதும் அதே நாலு வரி அவர் வாயில் இருக்கும். ஐந்தாறு பேர் திருப்பிச் சொல்லக்கூடிய நாலு வரியை எழுத்தாளரால் தர முடிகிறதா என்பதுதான் சோதனை. மனித உறவுகளின் சிக்கல் என்பதை யாரும் யாரிடமும் திருப்பிச் சொல்ல முடியாது.

குவெரி என்றால் வெறுமனே விசாரிப்பு. உங்களுக்கு என் பிரதியை அனுப்பலாமா என்று ஒரே ஒரு கேள்வி. தபால் காலத்தில் நானூறு பக்கக் கட்டை அனுப்புவதும் திரும்பப் பெறுவதும் செலவு, ஆகவே முதலில் கேட்டுவிட்டு அனுப்பு என்று வந்த வழக்கம். பதிலுக்குத் தன் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றையும் உள்ளே வைக்க வேண்டும். நம் பத்திரிகைகளும் பல பத்தாண்டுகள் இதையே கேட்டன, திருப்பி அனுப்பப்பட வேண்டிய கதைகளுக்குப் போதிய தபால்தலை இணைக்கவும் என்று. தன் தலைவிதியைத் தானே காசு கொடுத்து வரவழைத்த காலம் அது. இப்போது மின்னஞ்சல், அல்லது குவெரி மேனேஜர் போன்ற இணையப் படிவம். உறை போய்விட்டது. ஒரு பக்கத்துக்குள் சொல் என்ற ஒழுங்கு மட்டும் போகவில்லை. 250 முதல் 350 சொல்லுக்குள் முடித்துவிட வேண்டும் என்பதுதான் இன்றைக்கும் எல்லாரும் சொல்வது.

அந்த முந்நூறு சொல்லில் ஏறக்குறைய இருநூறு கதைக்கு. மீதியில்தான் தலைப்பு, வகை, சொல் எண்ணிக்கை, ஒப்பீட்டு நூல்கள், எழுதியவரைப் பற்றி ஒன்றிரண்டு வரி, ஒரு நன்றி. கதைப் பத்தியில்தான் எல்லாரும் சறுக்குவதால் அதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு நாவலைக் கற்பனை செய்துகொள்கிறேன், அப்படி ஒன்று கிடையாது, உதாரணத்துக்குத்தான். முதல் வரைவு வழக்கமாக இப்படி இருக்கும்:

“கடற்கரை நகரம் ஒன்றின் பின்னணியில் ஒரு பெண்ணின் இழப்பையும் தேடலையும் உழைக்கும் மக்களின் வாழ்வையும் உண்மைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான போராட்டத்தையும் நுட்பமாகச் சித்தரிக்கும் நாவல் இது.”

எல்லாமே பெயர்ச்சொல். ஒரு ஆள் கூட இல்லை. நுட்பமாகச் சித்தரிக்கிறதா இல்லையா என்பதைப் படிக்கிறவர் அல்லவா சொல்ல வேண்டும்? இப்போது அதே நாவல்:

“தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் கூலிக் கணக்கு எழுதுகிறாள் செல்வி, வயது 34. ஒரு சனிக்கிழமை சம்பளப் பட்டியலைச் சரிபார்க்கும்போது, பதினோரு வருடத்துக்கு முன் கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாவின் பெயரில் வாராவாரம் யாரோ கூலி வாங்குவது தெரிகிறது. கையெழுத்து அப்பாவுடையதுதான். தோண்டிப் பார்த்தால் செத்துப்போன இன்னும் பதினேழு பேர் அதே பட்டியலில் வேலை பார்க்கிறார்கள். அந்தப் பணத்தைப் பங்கு போடும் கங்காணியின் மகனைத்தான் அடுத்த மாதம் அவள் தங்கை கட்டிக்கொள்ளப் போகிறாள். செல்வி புகார் கொடுத்தால் கல்யாணம் நிற்கும், அப்பா எங்கே என்று தெரிந்த ஒரே ஆளும் வாயை மூடிக்கொள்வான். கொடுக்காவிட்டால் வருகிற சனிக்கிழமைப் பட்டியலில் அவளே கையெழுத்துப் போட்டாக வேண்டும்.”

இதில் ஒரு அலங்காரமும் இல்லை. யார், எங்கே, என்ன வேலை, எது வந்து வாழ்க்கையைக் குலைக்கிறது, அவள் முன் இருக்கும் இரண்டு வழியும் ஏன் மோசமானவை, அவ்வளவுதான். இழப்பு, தேடல், உழைக்கும் மக்கள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது, ஒரு முறை கூடப் பெயர் சொல்லாமல். முக்கியமாக, முடிவைச் சொல்லவில்லை. நாவலின் முதல் மூன்றில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதி வரைக்கும்தான் குவெரி போக வேண்டும். பாத்திரப் பெயர்கள் ஒன்றிரண்டுக்கு மேல் கூடாது. கங்காணிக்கும் தங்கைக்கும் மேலே பெயரே கொடுக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள், உறவைச் சொன்னாலே போதும். முடிவைச் சொல்ல வேறு இடம் இருக்கிறது. சினாப்சிஸ் என்று தனியாக ஒரு பக்கம் கேட்பார்கள், அதில் கதை முழுவதையும் யார் செத்தார் யார் பிழைத்தார் என்பது வரை போட்டு உடைக்க வேண்டும். அங்கே போய் சஸ்பென்ஸ் வைப்பவர்களும் உண்டு. ஏஜென்டுக்குக் கதை கடைசி வரை நிற்கிறதா என்று பார்க்கத்தான் அந்தப் பக்கம்.

சொல் எண்ணிக்கை சிறிய விஷயம்போலத் தெரியும், ஆனால் அந்த ஒரு எண்ணைப் பார்த்தே கடிதத்தை மூடிவிடுவார்கள். பெரியவர்களுக்கான முதல் நாவல் என்றால் 80,000 முதல் 1,00,000 சொல் வரை சௌகரியமான இடம். ஃபேன்டஸி, அறிவியல் புனைவு என்றால் 1,20,000 வரை பொறுத்துக்கொள்வார்கள். பதின்ம வயதினருக்கானது அதைவிடக் குறைவு. இதற்குப் பின்னால் இருப்பது ரசனை இல்லை, காகிதச் செலவும் அச்சுச் செலவும்தான். பெயர் தெரியாத எழுத்தாளரின் எழுநூறு பக்கப் புத்தகத்துக்கு விலை எவ்வளவு வைப்பது? முதல் நாவலே 2,40,000 சொல் என்று எழுதினால், இவர் இன்னும் வெட்டித் திருத்தவில்லை என்றுதான் ஏஜென்ட் புரிந்துகொள்வார். பாதி நாவல் முடிந்திருக்கிறது, உங்களுக்குப் பிடித்தால் மீதியை எழுதுகிறேன் என்பதும் செல்லாது. புனைவு என்றால் முடித்துத் திருத்தி வைத்த பிறகுதான் கடிதம்.

ஒப்பீட்டு நூல்கள், அவர்கள் பாஷையில் காம்ப்ஸ், தமிழ் எழுத்தாளர்களுக்கு ஒவ்வாத விஷயம். என் நாவல் இன்னாரின் நாவலைப் போன்றது என்று நாமே சொல்வதா, நாங்கள் தனித்துவம் அல்லவா! ஆனால் அது கேட்கப்படுவது தரத்தை ஒப்பிட அல்ல. இந்தப் புத்தகம் கடையில் எந்த அலமாரியில், எதற்குப் பக்கத்தில் நிற்கும், எதை வாங்கியவர் இதையும் வாங்குவார் என்று சொல்லத்தான். அதனால்தான் கடந்த மூன்று அல்லது ஐந்து வருடத்துக்குள் வந்த, ஓரளவு நன்றாகப் போன, ஆனால் உலகமே படித்திராத இரண்டு புத்தகங்களைச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். கோடிக்கணக்கில் விற்ற மந்திரவாதிச் சிறுவன் கதையைச் சொன்னால் அது எதையும் விளக்காது, நம் ஆசையைத்தான் காட்டும். நூறு வருடத்துக்கு முந்தைய ரஷ்ய மேதைகளைச் சொன்னால், இந்த ஆள் இப்போது வருகிற எதையும் படிப்பதில்லை என்று தெரிந்துவிடும். இரண்டாவது தவறுதான் நம்மிடம் அதிகம்.

எழுதியவரைப் பற்றிய பத்தியில் இன்னொரு சிக்கல், இது கலாசாரச் சிக்கல். நம் மரபில் நூலுக்கு முன்னால் பிறர்தான் பேச வேண்டும். அணிந்துரை, வாழ்த்துரை, அதற்கு முன்னால் சிறப்புப் பாயிரம். எத்தனை துறை கற்றிருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று நன்னூலில் பவணந்தி கறாராகச் சொல்லிவிட்டார், பள்ளியில் நமக்கு அதுவரைதான் நினைவிருக்கிறது. அடுத்த சூத்திரத்திலேயே அவர் விலக்குகளும் கொடுக்கிறார். எங்கெல்லாம் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்ற அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது “மன்னுடை மன்றத்து ஓலைத்தூக்கினும்”, அதாவது அரசனுடைய சபைக்கு ஓலை எழுதும்போது. அதற்கடுத்து “தன்னுடை ஆற்றல் உணரா ரிடையினும்”, தன் திறமையை அறியாதவர்களிடத்தில். குவெரி கடிதம் இந்த இரண்டுக்குள்ளும் அச்சாகப் பொருந்துகிறது. புலவர் புரவலருக்குச் செய்யுளிலேயே எழுதி அனுப்பும் கடிதத்துக்குச் சீட்டுக்கவி என்று நாம் ஒரு வகையே வைத்திருந்தோம். பாரதி 1919-இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு எழுதியதும் ஓலைத்தூக்கு என்ற பெயரில்தான், அதில் தமிழுக்குக் கவியரசர் இல்லை என்ற வசை தன்னால் கழிந்தது என்று கூச்சமே இல்லாமல் சொல்கிறார்.

பாரதி அளவுக்குப் போக வேண்டாம், ஏஜென்ட் தாங்க மாட்டார். ஆனால் எளியேன், சிறியேன், ஏதோ கிறுக்கியிருக்கிறேன் என்பதும் வேண்டாம். கதை எந்தப் பத்திரிகையில் வந்தது, ஏதாவது பரிசு உண்டா, நாவலின் களத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு, இவ்வளவு போதும். உப்பளக் கதை எழுதியவர் உப்பளத்தில் பத்து வருடம் வேலை பார்த்திருந்தால் அதை ஒரு வரியில் சொல்ல வேண்டும், அது பட்டங்களைவிடப் பெரிய தகுதி. சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்றால் ஊரும் வேலையும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம், முதல் நாவல் என்பதற்காக யாரும் ஒதுக்குவதில்லை, சொல்லப்போனால் முந்தைய புத்தகங்களின் மோசமான விற்பனைக் கணக்கு இல்லாத புதியவர் என்பது சில சமயம் அனுகூலம். அம்மாவுக்கும் நண்பர்களுக்கும் பிடித்தது என்பதை மட்டும் எழுதவே கூடாது.

புனைவல்லாத நூல்களுக்குக் கதை வேறு. அங்கே முழுப் பிரதி தேவையில்லை, ப்ரொபோசல் என்ற திட்ட அறிக்கையும் ஒன்றிரண்டு மாதிரி அத்தியாயங்களும் வைத்து விற்பார்கள். யார் வாங்குவார்கள், இதே பொருளில் என்னென்ன இருக்கின்றன, இதை எழுத ஏன் நீங்கள் என்பதுதான் அதன் சாரம்.

இங்கிலாந்தில் சம்பிரதாயம் சற்று மாறுகிறது. அமெரிக்க ஏஜென்ட் குவெரியும், கூடவே மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்டிய முதல் ஐந்து அல்லது பத்துப் பக்கமும் கேட்பார். லண்டன் ஏஜென்ட் முதல் மூன்று அத்தியாயமும் சினாப்சிஸும் சேர்த்தே கேட்பது வழக்கம், கடிதம் அங்கே கவரிங் லெட்டர் மாதிரி, கொஞ்சம் இளகியது. ஜே.கே. ரௌலிங் கிறிஸ்டோபர் லிட்டில் ஏஜென்சிக்கு அனுப்பியதும் இப்படி ஆரம்ப அத்தியாயங்களைத்தான். எந்த ஊராக இருந்தாலும் அந்தந்த ஏஜென்டின் தளத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் சட்டம். அட்டாச்மென்ட் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பெயரைச் சரியாக எழுத வேண்டும். நாற்பது பேரை ஒரே மின்னஞ்சலில் சேர்த்து ‘அன்புள்ள ஏஜென்ட்’ என்று அனுப்புவது கல்யாணப் பத்திரிகையை ஜெராக்ஸ் எடுத்துத் தெருவில் போடுவதற்குச் சமம். குற்றப் புனைவே எடுக்காதவருக்குக் குற்றப் புனைவு அனுப்புவதும் அப்படித்தான், அவர் என்ன தேடுகிறார் என்பதை அவரே எழுதி வைத்திருப்பார், படித்துவிட்டு அனுப்பலாம்.

இங்கிருந்து எழுதுகிறவர்கள் இந்தியாவையும் யோசிக்கலாம். ஜாகரண்டா, சியாஹி போன்ற இந்திய ஏஜென்சிகள் இருக்கின்றன. தமிழ் நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஏஜென்டைத் தேடுபவர்கள் ஒரு விஷயத்தை மறக்கிறார்கள்: மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைக் கடிதத்திலேயே சொல்லியாக வேண்டும். மூல ஆசிரியரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல், “சார் வாயால சரின்னு சொல்லியிருக்கார்” என்பதை வைத்து எந்த ஏஜென்டும் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார். உரிமை விற்பனை என்பதே நம்மிடம் புதிது. தமிழ்நாடு அரசு சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியை 2023-இல் தொடங்கி, மொழிபெயர்ப்புக்கு நிதி நல்கை கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் இந்தச் சொற்களே நம் பேச்சில் புழங்குகின்றன.

பணம் பற்றி ஒரு எச்சரிக்கை. நல்ல ஏஜென்ட் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். படிப்பதற்குக் கட்டணம், பதிவுக் கட்டணம், திருத்தக் கட்டணம், மார்க்கெட்டிங் பேக்கேஜ் எதுவும் கிடையாது. பணம் எழுத்தாளரை நோக்கித்தான் பாய வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் டி. மெக்டொனால்ட் சொன்னதை அந்த வட்டாரத்தில் யாக் விதி என்றே அழைக்கிறார்கள். ரைட்டர் பிவேர் என்ற குழு 1998 முதல் இந்த மோசடிகளைத் துரத்திப் பட்டியலிட்டு வருகிறது. இப்போதைய மோசடி கொஞ்சம் நாசூக்கானது: உண்மையான ஏஜென்ட் ஒருவரின் பெயரையே போட்டு, உங்கள் புத்தகத்தைப் படித்துப் பிரமித்தேன் என்று ஒரு மின்னஞ்சல் வரும், முகவரி மட்டும் ஜிமெயிலில் இருக்கும். நீங்கள் குவெரியே அனுப்பாத ஏஜென்ட் தானாக வந்து கதவைத் தட்டுவது அபூர்வத்திலும் அபூர்வம். நடக்காது என்று சொல்லவில்லை. அருந்ததி ராயின் முதல் நாவல் பிரதியைப் படித்துவிட்டு டேவிட் காட்வின் என்ற ஏஜென்ட் லண்டனிலிருந்து விமானம் ஏறி இந்தியாவுக்கு வந்தார், அது உண்மை. ஆனால் காட்வின் வந்தது டெல்லிக்கு, கையில் பில் இல்லாமல்.

சரி, அனுப்பியாயிற்று. ஒரே நேரத்தில் பல பேருக்கு அனுப்பலாம், அது தப்பில்லை, அவர்களே எதிர்பார்ப்பதுதான். ஆனால் பட்டியலில் இருக்கும் எண்பது பேருக்கும் ஒரே ராத்திரியில் அனுப்பிவிடாதீர்கள். பொதுவாக ஒரு ஏஜென்ட் ஒரு நாவலுக்கு ஒரு தடவைதான் பார்ப்பார். ஐந்து முதல் பத்துப் பேர் வீதம் அனுப்பினால் கடிதம் வேலை செய்கிறதா என்று தெரியும். இருபது பேருக்கு அனுப்பி ஒருவர் கூடப் பிரதியைக் கேட்கவில்லை என்றால் கோளாறு கடிதத்தில் அல்லது முதல் ஐந்து பக்கத்தில். ஐந்தாறு பேர் முழுப் பிரதியைக் கேட்டுப் படித்துவிட்டு வேண்டாம் என்றால் கடிதம் நன்றாகத்தான் இருக்கிறது, நாவலுக்குள் எங்கோ ஓட்டை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, கடிதம் சரியில்லாததற்கு நாவலைத் திருத்திக்கொண்டே ஒரு வருடம் ஓட்டியவர்கள் உண்டு. என் நண்பரும் அதில் ஒருவர்.

நிராகரிப்புக் கடிதத்தில் ஆராய்ச்சி செய்யாதீர்கள். இது என் பட்டியலுக்குப் பொருந்தவில்லை, மற்றவர் வேறுவிதமாக நினைக்கக்கூடும் என்ற இரண்டு வரியை அவர்கள் எல்லாருக்கும்தான் அனுப்புகிறார்கள். அதற்குப் பதில் எழுதி வாதாடவும் வேண்டாம். இப்போது நிறையப் பேர் அதைக் கூட அனுப்புவதில்லை, எட்டு அல்லது பன்னிரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று தளத்திலேயே போட்டுவிடுகிறார்கள். எண்ணிக்கையைப் பார்த்தும் மிரள வேண்டியதில்லை. அமெரிக்க எழுத்தாளர் கேத்ரின் ஸ்டாக்கெட்டின் முதல் நாவலான ‘தி ஹெல்ப்’பை 60 ஏஜென்ட்கள் வேண்டாம் என்றார்கள், 61-ஆவது ஆள் எடுத்தார், பிறகு அது லட்சக்கணக்கில் விற்றது. அவர் இடையில் சும்மா இருக்கவில்லை, ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் நாவலைத் திருத்திக்கொண்டே இருந்தார் என்பதை இந்தக் கதையைச் சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு நடுவில் ஒருநாள் யாராவது ஒரு ஏஜென்ட் போனில் பேசலாமா என்று கேட்பார். அந்த வட்டாரத்தில் அதற்கு ‘தி கால்’ என்றே பெயர், பெண் பார்க்க வருகிற மாதிரி இரண்டு பக்கமும் படபடப்போடு நடக்கும். நாவலில் எதை மாற்றச் சொல்கிறார், எந்தெந்த எடிட்டர்களிடம் கொண்டுபோவார், விற்காவிட்டால் என்ன செய்வார், ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வது எப்படி என்பதையெல்லாம் நாமும் கேட்க வேண்டும். அவர் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னாலும் அங்கேயே தலையாட்டக் கூடாது. இரண்டு வாரம் அவகாசம் கேட்பது மரபு, அவரும் எதிர்பார்ப்பார். அந்த இரண்டு வாரம் எதற்கென்றால், இன்னும் பதில் சொல்லாத மற்ற ஏஜென்ட்கள் அத்தனை பேருக்கும் ‘எனக்கு ஒரு ஆஃபர் வந்திருக்கிறது, இந்தத் தேதிக்குள் சொல்லுங்கள்’ என்று இரண்டு வரி அனுப்புவதற்கு. நண்பருக்கு அந்த நாள் கடைசியில் வந்தது, 280 சொல்லில் திருத்தி எழுதிய ஆறாவது வரைவுக்கு. காலையில் எல்லாருக்கும் இரண்டு வரி அனுப்பினார். நான்கு மாதமாகச் சத்தமே இல்லாமல் இருந்த மூன்று பேர் அன்று மாலைக்குள் முழுப் பிரதியைக் கேட்டு எழுதியிருந்தார்கள்.